ஐந்தாவது குரல்

தண்ணீர் ஜக்குகள் காலியாக இருந்தன.

பிரச்சினை என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய அளவுக்குச் சின்ன விஷயம்தான். காலையில் வேலை ஆரம்பித்ததும் புது இன்சார்ஜ் சிஸ்டர் வார்டின் நடுவில் நின்று, எல்லாக் கட்டிலுக்கும் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு திரைக்குப் பின்னாலிருந்து "முடிஞ்சுது, சிஸ்டர்" என்று பதிலும் வந்தது. அவள் திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இப்போது ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், மாத்திரை விழுங்கத் தண்ணீர் கேட்ட ஒரு நோயாளியின் ஜக்கை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணியும் ட்ரெயினிங் போயிருக்கா, சிஸ்டர்?" என்றார்.

குத்தல் யாருக்கு என்று அவளுக்குப் புரிந்தது. ட்ரெயினிங் போய் வந்தவள் அவள்தான். இன்சார்ஜ் பதவியைக் கொடுத்த கையோடு நிர்வாகம் அவளைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அங்கே கோட்டு போட்ட ஒருவர், வாழ்நாளில் ஒரு கட்டிலுக்குக்கூட விரிப்பு மாற்றியிராதவர், நல்ல குளிர்ந்த அறையில் நின்றுகொண்டு நிர்வாகத்தின் ரகசியங்களை அள்ளி வழங்கினார். அவற்றில் ஒன்று அவளை அப்படியே பிடித்துக்கொண்டது. வேலையைச் சொன்னால் மட்டும் போதாது. செய்து முடித்தவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத வேலை நடக்காத வேலை.

திரும்பி வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டாள். இனிமேல் எந்த வேலையைச் சொன்னாலும், முடித்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே "முடிஞ்சுது, சிஸ்டர்" என்று குரல் கொடுக்க வேண்டும். முடிக்காவிட்டால், "எல்லாம் முடிஞ்சுதா?" என்று அவள் கேட்கும்போது "இன்னும் முடியல, சிஸ்டர்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பதில் கிடையாது.

அவளுக்குக் கீழே பகல் வேலைக்கு நான்கு பேர். எல்லோரிலும் மூத்தவள் நெட்டை. கூரை விசிறியைத் துடைக்க ஏணி கேட்காதவள். இரண்டாவது, வருஷம் முழுக்க ஜலதோஷத்தோடு திரியும் தும்மல். மூன்றாவது வாயாடி. நான்காவது ஓர் ஆண் நர்ஸ். நாற்பதைத் தாண்டி, தலையில் வழுக்கையும் விழுந்த பிறகும் ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் 'தம்பி'தான். ஆஜானுபாகுவான ஆள். பல்லிக்குப் பயப்படுவார்.

டாக்டர் போனதும் இன்சார்ஜ் நால்வரையும் கூப்பிட்டாள். தண்ணீர் வைத்ததாகச் சொன்னது யார் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றார்கள். குரல் கரகரப்பாக, தொண்டை காய்ந்த மாதிரி இருந்ததே என்று அவள் இழுக்க, எல்லோரும் தும்மலைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லலை சிஸ்டர். என் சளி மேல சத்தியம்," என்றாள் தும்மல்.

குற்றம் சாட்டாதே, கேட்டு அறி என்று பயிற்சிக்காரர் சொல்லியிருந்தார். அதனால் இன்சார்ஜ் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து அன்பாகக் கேட்டாள். அதன் பலனாக மதியத்துக்குள் நெட்டை தும்மலோடு பேசுவதை நிறுத்தினாள், தும்மல் வாயாடியோடு பேசுவதை நிறுத்தினாள். வாயாடி மட்டும் எல்லோரோடும் எல்லோரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீளமான பழைய கட்டடம். ஆளுயரத்துக்கு மேல் இன்னொரு ஆளை நிறுத்தினாலும் தொட முடியாத கூரை. இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளுத்துப்போன பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைக் கீழே தெரியும் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கோடியில் பேசினால் குரல் கூரைக்குப் போய் அந்தக் கோடியில் இறங்கும். மழைநாட்களில் பகலிலேயே உள்ளே இருட்டிக்கொண்டு வரும், விளக்கைப் போட்டாலும் மூலைகள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளாது. அப்போது மழைக்காலம்.

கடைசியில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் எப்போதும் காலியாகக் கிடந்தது. ஜன்னல் சரியாக மூடாது, சாரல் அடிக்கும், அதனால் நோயாளியைப் போடுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். அதுதான் உண்மையான காரணமா என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

அதற்குப் பக்கத்து மூலைக் கட்டிலில்தான் மூலை அக்கா இருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் அது. கடையில் நின்றுகொண்டிருந்தபோதே மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தவள். உயிர் பிழைத்தது, பேச்சு போனது. பல மாதங்களாக மூக்கில் குழாயோடு, திறந்த கண்களோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேள்வி கேட்டால் பதில் இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதில்லை.

இன்சார்ஜ் பதவியேற்ற அன்றே மேட்ரன் அவளை அழைத்து இந்தக் கட்டிலைப் பற்றித்தான் முதலில் பேசினார். முன்னேற்றம் இல்லாத நோயாளியை இனியும் வைத்திருக்க முடியாது. அடுத்த வாரக் கடைசிக்குள் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த இல்லத்துக்கு பஸ் மாறி மாறிப் போக வேண்டும், பார்வை நேரமும் எப்போதாவதுதான் என்று இன்சார்ஜுக்குத் தெரியும்.

"ஜன்னல் கட்டில் சும்மாதானே இருக்கு, மேடம்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அதைப் பத்திப் பேச வேண்டாம்," என்று மேட்ரன் சட்டென்று சொல்லிவிட்டு, பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நானும் கல்லு இல்லை சிஸ்டர். ஒரு வார்த்தை, ஒரு கையசைவு, ஏதாவது ஒண்ணு இருந்தா வந்து சொல்லுங்க. டாக்டர்கிட்ட நானே சண்டை போடறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் இன்சார்ஜ் மூலைக் கட்டிலின் அருகே போய் நின்று, உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், என் விரலைப் பிடியுங்கள் என்று கேட்பாள். மூலை அக்கா கூரையைப் பார்ப்பாள். சாயங்காலம் அவளுடைய கணவர் வருவார். தையல்காரர். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுகிற மனிதர். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் கடைக்கு வந்தார்கள், யாருக்கு உடம்பு பெருத்துவிட்டது என்று மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்.

"நான் மிஷின்ல குனிஞ்சா நிமிர மாட்டேன் சிஸ்டர். கல்லாவுல நின்னு பேசறதெல்லாம் அவதான்," என்று ஒருநாள் சொன்னார். "துணி தயாரா இல்லைன்னாலும் வந்தவங்க ஒருத்தர்கூட முகம் சுளிச்சுப் போனதில்லை. அவளுக்கு இல்லைன்னு சொல்லவே வராது."

அனுப்பப் போகிறோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்சார்ஜ் தலையை மட்டும் ஆட்டினாள். கட்டில் என்பது உணர்ச்சி அல்ல, வசதி என்று பயிற்சியில் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

தண்ணீரோடு விஷயம் முடியவில்லை. அடுத்த நாள் அழுக்குத் துணி சலவைக்குப் போகாமல் மூட்டையாகக் கிடந்தது; போய்விட்டதாகப் பதில் வந்திருந்தது. அதற்கடுத்து, ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றியதாகப் பதில் வந்தது. நல்லவேளையாக நெட்டை தற்செயலாகப் போய்ப் பார்த்தாள்; பழைய சிலிண்டரே, தீரும் தறுவாயில் இருந்தது. இது விளையாட்டில்லை. பதில் வராத வேலை நடக்காத வேலை என்று சொன்ன கோட்டுக்காரர், பதில் வந்தும் நடக்காத வேலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே.

சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். பதில் சொல்பவர்கள் கூடவே யார் என்பதையும் சொல்ல வேண்டும். வார்டு இப்போது சந்தைக்கடை ஆனது. "முடிஞ்சுது சிஸ்டர், நான் தும்மல்." "இன்னும் முடியல சிஸ்டர், நான் தம்பி." நோயாளிகளே சிரித்தார்கள். ஆனால் நடுநடுவே, எல்லாக் குரலும் அடங்கிய பிறகு, அந்த வறண்ட குரல் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வைக்கிற மாதிரி வந்தது.

"முடிஞ்சுது, சிஸ்டர்."

பெயர் இல்லை.

திருத்தம் கொண்டுவந்ததில் ஒரே ஒரு நன்மை. குரல் நால்வரில் யாருடையதும் இல்லை என்பது எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அன்று தேநீர் இடைவேளையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்சார்ஜ் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. அவள் விடவில்லை. கடைசியில் வாயாடிதான் வாயைத் திறந்தாள். அவளால் எத்தனை நேரம்தான் மூடி வைத்திருக்க முடியும்?

பல வருஷங்களுக்கு முன்னால் இதே வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாளாம். ஒரு ரூல்ஸைக்கூட மீறாதவளாம். ஒருநாள் வேலை மாற்றிக்கொள்ளும் நேரத்தில், அந்த ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் நின்று, அடுத்து வந்தவளிடம் ஒவ்வொரு நோயாளியாக விவரம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததா என்று அடுத்தவள் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பதில் பாக்கி நிக்குது சிஸ்டர்," என்றாள் வாயாடி. "இத்தனை வருஷம் சும்மாதான் இருந்தாங்க. நீங்கதான் யாரா இருந்தாலும் பதில் சொல்லியே ஆகணும்னு சட்டம் போட்டீங்க."

"முடியாத வேலைக்கும் முடிஞ்சுதுன்னுதான் சொல்றாங்க," என்று நெட்டை வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டாள். "ரூல்ஸ் மீறாதவங்க. நம்ம வார்டுக்கு வந்து அவங்களும் கெட்டுப்போயிட்டாங்க."

இன்சார்ஜ் சிரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாள். வதந்தியை ஆதாரத்தால் உடைப்பது தலைவரின் கடமை. அவர்கள் கண் முன்னாலேயே நிரூபித்துக் காட்டுவதாகச் சொல்லி, நால்வரையும் வார்டுக்குள் அழைத்துப் போய்த் தன் மேசைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினாள். வாயைத் திறக்கக் கூடாது, காலை அசைக்கக் கூடாது என்றாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. திரைகள் மெல்ல அசைந்தன.

"ஜன்னலைச் சாத்துங்க," என்று வார்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

யாரும் நகரவில்லை. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பாருங்கள், ஒன்றுமில்லை என்று சொல்ல அவள் திரும்பினாள். அப்போது ஒரு காற்று வந்து, ஒழுங்காக மூடவே மூடாத அந்தக் கடைசி ஜன்னல், படீரென்று சாத்திக்கொண்டது.

"முடிஞ்சுது, சிஸ்டர்."

தம்பி எப்போது தன் முதுகுக்குப் பின்னால் வந்தார் என்று இன்சார்ஜுக்குத் தெரியாது. அவளுடைய முதுகு அவரில் பாதியைக்கூட மறைக்கவில்லை. தும்மல் அன்றிலிருந்து நாலைந்து நாளைக்குத் தும்மவே இல்லை. பயத்துக்கு இப்படி ஒரு வைத்திய குணம் இருப்பது யாருக்கும் தெரியாது.

பிறகு அவர்கள் தேடாமல் விட்ட இடம் இல்லை. எல்லாத் திரைகளையும் விலக்கினார்கள். துணி அலமாரி, குளியலறை, ஜன்னலோரக் கட்டிலின் அடிப்பகுதி வரை பார்த்தார்கள். மூலை அக்காவிடம், பயப்படாதீங்க அக்கா என்று நெட்டை சொல்லிவிட்டு அவளுடைய கட்டிலின் கீழேயும் குனிந்து பார்த்தாள். மூலை அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் தனியாக ஒருவரும் எங்கேயும் போவதில்லை. இருவர் இருவராகவே போனார்கள், வேலை பாதியானது. விஷயம் நோயாளிகளின் காதுக்கும் போயிற்று. கால் முறிந்து, ஒரு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த லாரி ஓட்டுநர், கைத்தடியோடு வாசல் வரை நடந்தே போய் டிஸ்சார்ஜ் கேட்டார். வயிற்றுவலிக்காரர்கள் வலி இல்லை என்றார்கள். உங்கள் வார்டில் குணமாகும் வேகம் அபாரம் என்று பெரிய டாக்டர் பாராட்டினார். அவள் நன்றி சொன்னாள், வேறென்ன சொல்வாள்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு, அடுப்பை அணைத்தாயிற்றா என்று கூடத்தைப் பார்த்து அவள் கேட்க, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் குரலை மாற்றி "முடிஞ்சுது, சிஸ்டர்" என்றார். கரண்டி அவள் காலில் விழுந்தது. அன்று இரவு அவருக்குச் சாப்பாடு போட்டவர் அவரேதான்.

படுத்துக்கொண்டு யோசித்தாள். பேய் இல்லை என்று சொல்வதற்கான தைரியம் இப்போது அவளிடம் இல்லை. ஆனால் பயிற்சி மிச்சமிருந்தது. பிரச்சினையை அது இருக்கும் இடத்துக்கே போய்ச் சந்தி. ஒப்படைப்பு பாதியில் நின்றுபோனதுதான் பிரச்சினை என்றால், அதை வாங்கிக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். இப்போது வார்டுக்குப் பொறுப்பாளர் அவள்தானே.

மறுநாள் மதியம் மற்றவர்கள் ஜோடி ஜோடியாகச் சாப்பிடப் போன நேரத்தில் அவள் போனாள். அடைமழை. நடக்க நடக்க வார்டு நீண்டுகொண்டே போவதாக அவளுக்குத் தோன்றியது. ஜன்னலோரக் கட்டில் விரிப்பு சுருங்காமல், யாரோ இப்போதுதான் தடவி விட்டுப் போன மாதிரி கிடந்தது. பக்கத்து மூலைக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் காலிக் கட்டிலைப் பார்த்து. "அன்னைக்கு நீங்க சொல்லாம விட்டதை என்கிட்ட சொல்லிடுங்க. இனிமே எல்லாம் என் பொறுப்பு. நீங்க நிம்மதியா போகலாம்." ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். "எல்லாம் முடிஞ்சுதா?"

மழை. குழாய். திரை லேசாக உப்பி அடங்கியது.

"முடிஞ்சுது, சிஸ்டர்."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கேட்டது.

எப்படி மேசைக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு கால் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களில் அதை எடுத்து வர யாரும் தயாராக இல்லை. கடைசியில் குளுக்கோஸ் மாட்டும் கம்பியைத் தம்பி நீட்டிப் பிடித்துக்கொள்ள, அவருடைய சட்டையை மூன்று பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, செருப்பு தரையோடு இழுபட்டு வந்தது.

பயத்தின் நடுவிலும் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. முடிந்தது என்று அந்த நர்ஸ் சொல்லிவிட்டாளே. கணக்குத் தீர்ந்தது. ஆனால் மறுநாள் காலை விரிப்பு மாற்றச் சொன்னதும், மாற்றி முடிப்பதற்கு முன்பே, அதே குரல் அதே பதிலைச் சொன்னது. முன்னைவிடக் கொஞ்சம் தெளிவாகவே சொன்னது. நன்றாகப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நெட்டை முணுமுணுத்தாள்.

அத்தோடு இன்சார்ஜ் கை கழுவினாள். நால்வரையும் மாடிப்படிக்கு அழைத்துப் போய், வார்டின் காதில் விழாதபடி சொன்னாள்.

"இனிமே யாரும் பதில் சொல்ல வேண்டாம். நானும் வாயால சொல்ல மாட்டேன், கையால காட்டுவேன். கேள்வி இருந்தாத்தானே பதில் வரும்."

வார்டு ஊமைக்கூத்து ஆனது. அவள் பெட்பேன் என்று கையால் காட்டினால் சக்கர நாற்காலி வந்தது. தெர்மாமீட்டருக்குக் காட்டிய சைகையைத் தம்பி வேறு மாதிரி புரிந்துகொண்டு முகம் சிவந்து போனார். ஆனால் குரல் நின்றது. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நால்வரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக நடக்கத் துணிந்தார்கள். தும்மல் மறுபடி தும்மத் தொடங்கினாள். மேட்ரன் சுற்றிப் பார்க்க வந்து, வார்டின் நிசப்தத்தைக் கேட்டு நெகிழ்ந்தார்.

"இப்பதான் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பயிற்சின்னா இதுதான் பயிற்சி," என்றார். பிறகு மூலையைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். இன்சார்ஜ் உதட்டைப் பிதுக்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் தையல்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் சிஸ்டர். ரெண்டு நாளா ரொம்ப வாடிப் போயிட்டா," என்றார். "அதுக்கு முன்னாடி இங்க ஒரே சத்தமா இருக்குமே, கேக்கறதும் பதில் சொல்றதுமா. நம்ம கடை மாதிரியே இருக்கும். அது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சோ என்னவோ."

பேய்க்குப் பயந்து வாயை மூடினோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் போன பிறகு கடைசியாக ஒருமுறை கட்டிலின் அருகே போனாள். குனிந்து, உங்கள் பெயர் என்ன அக்கா என்று கேட்டாள். என் கையைப் பிடியுங்கள் என்றாள். கெஞ்சினாள் என்றுகூடச் சொல்லலாம். மூலை அக்காவின் கண்கள் அன்று கூரையை விட்டு இறங்கி அவளுடைய முகத்தையே பார்த்தன. எதையோ சொல்லப் போகிறாள், எதற்கோ காத்திருக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை. மேட்ரனுக்குப் போன் செய்து, மாற்றம் எதுவும் இல்லை என்று தெரிவித்தாள்.

வாரக் கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. மழை விட்டிருந்தது, ஆனால் வார்டுக்குள் இருட்டு விடவில்லை. தையல்காரர் ஒரு பையோடு வந்தார். அதற்குள் புதிதாகத் தைத்த இரண்டு நைட்டிகள் இருந்தன; அங்கே குளிருமாமே என்று கேட்டுக் கை நீளமாக வைத்திருந்தார். மேட்ரனும் வந்து வாசல் பக்கம் நின்றார். எல்லாம் சைகையிலேயே நடந்தது. நெட்டை தலைமாட்டையும் தம்பி கால்மாட்டையும் பிடித்து மூலை அக்காவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். தும்மல் போர்வையைப் போர்த்தினாள். வாயாடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் அழுததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்ட்ரெச்சர் வார்டின் நீளம் முழுவதையும் கடந்து வாசலுக்கு வந்தது. சக்கரங்களின் கிறீச்சொலி கூரைக்குப் போய் எங்கோ இறங்கியது. இந்த ஒரு கட்டிலைக் காப்பாற்ற முடியாதவள் என்ன பெரிய தலைவி என்று இன்சார்ஜ் தன்னையே நொந்துகொண்டாள். குழாய் சரியாக ஒட்டியிருக்கிறதா, மருந்து வைத்தார்களா, தலையணை உயரமா என்று மனம் எதையெதையோ சரிபார்த்தது. சைகை காட்ட மறந்தாள். பழக்க தோஷத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நால்வரும் அவளுடைய கண்ணெதிரே வரிசையாக நின்றார்கள். நான்கு வாய்களும் இறுக மூடியிருந்தன. தம்பி போதாததற்கு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வார்டின் மறுகோடியில் இருந்த ஜன்னலோரக் கட்டிலையே வெறித்தார். எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்கள்.

அங்கிருந்து எதுவும் வரவில்லை.

போர்வைக்குள்ளிருந்து மெலிந்த கை ஒன்று மெதுவாக வெளியே வந்து, தையல்காரரின் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டது. பிறகு, எல்லோருக்கும் தெரிந்த அந்த வறண்ட குரல், ஸ்ட்ரெச்சரிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னது:

"இன்னும் முடியல, சிஸ்டர்."